கடிகாரம் நுணுகியது, காத்திருப்பு குறையவில்லை

ஏலக்காய் ஏல மையங்கள் நமக்குப் பக்கத்தில் இரண்டு. மலையடிவாரத்தில் போடிநாயக்கனூர், மலைமேல், இடுக்கி மாவட்டத்தில், புற்றடி. கூடத்தில் குரல் கொடுத்து விலை கேட்ட காலம் போய், வியாபாரிகள் திரை முன் உட்கார்ந்து விலையைத் தட்டும் முறை வந்து வருடங்கள் பல ஆகின்றன. ஒரு லாட்டுக்கு ஒருவர் கேட்கும் விலையை வலைப்பின்னல் வழியே அனுப்பச் சில நூறு பைட்டுகள் போதும். ஒரே பாக்கெட்டில், அதாவது ஒரே தரவுப் பொட்டலத்தில், அடங்கிவிடும். அந்த ஒற்றைப் பாக்கெட் வழியில் தொலைந்துபோனால், அதை மறுபடி எப்போது அனுப்புவது என்பதை விலை கேட்டவர் தீர்மானிப்பதில்லை. ஏல மென்பொருளும் தீர்மானிப்பதில்லை. கணினியின் இயங்குதளத்துக்குள், தரவு தொலையாமல் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி நெறிமுறையை நடத்தும் பகுதியில் இருக்கும் ஒரு டைமர்தான் தீர்மானிக்கிறது.

அந்த டைமர் எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பது நாற்பது வருடத்துக்கும் மேலான கேள்வி. கடிகாரம் நுட்பமாக ஆக ஆக, தொலைந்த பாக்கெட்டும் சீக்கிரம் மீளும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது அப்படி இல்லை. அரை விநாடிக்கு ஒருமுறை மட்டுமே துடித்த கடிகாரம் இன்று மைக்ரோ விநாடியை அளக்கிறது. ஆனால் தொலைந்த விலைக்காக, லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினி குறைந்தது 200 மில்லி விநாடி காத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று பார்த்தால், இயங்குதளம் எழுதுகிறவர்களின் மனப்போக்கு ஓரளவு புரியும்.

முதலில் பாக்கெட் தொலைந்ததை டிசிபி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது. பாக்கெட் போய்ச் சேர்ந்தால் எதிர்முனை ஒப்புகை அனுப்பும். ஒரு பெரிய கோப்பு போகும்போது பாக்கெட்டுகள் வரிசையாகப் போகின்றன. நடுவில் ஒன்று தொலைந்தால், அதற்குப் பின்னால் போனவை எதிர்முனையைச் சேர்ந்து, "நீ அனுப்பியதில் இந்த இடம் வரைதான் வந்தது" என்று ஒரே ஒப்புகையைத் திரும்பத் திரும்ப அனுப்ப வைக்கும். அப்படி மூன்று முறை வந்துவிட்டால் டைமருக்காகக் காத்திராமல் உடனே மறு அனுப்பல் நடக்கும். படம் பார்ப்பவருக்கும் கோப்பு இறக்குபவருக்கும் பெரும்பாலான இழப்புகள் இப்படியே சரியாகிவிடுகின்றன. ஏலத்தில் கேட்ட விலைக்கோ பின்னால் எதுவும் வருவதில்லை. அது தொலைந்தால் எதிர்முனைக்கு ஒன்று தொலைந்தது என்றே தெரியாது. அனுப்பியவரின் டைமர் ஒன்றுதான் கதி. தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தையும் அனுப்பும் தொலைநிலை அமர்வு, கடை அட்டை இயந்திரத்தின் கோரிக்கை, பதிலின் கடைசிப் பாக்கெட் எல்லாம் இந்த வகைதான்.

டைமரை எவ்வளவுக்கு வைப்பது? பாக்கெட் போய் ஒப்புகை திரும்பும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக. அந்தப் போய்வரும் நேரம் என்ன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒளியிழையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோ விநாடி. போடியிலிருந்து புற்றடி நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள். ஒரே இழையில் கோர்த்தால் போய்வர அரை மில்லி விநாடி போதும். ஆனால் தமிழ்நாடு ஒரு தொலைத்தொடர்பு வட்டம், கேரளம் இன்னொன்று. எல்லைக்கு இந்தப் பக்கம் கம்பம் ஊரில் இருக்கும் போனிலிருந்து அந்தப் பக்கம் குமுளியில் இருக்கும் போனுக்குப் போகும் தரவு மலைப்பாதையில் ஏறுவதில்லை. பெரும்பாலும் சென்னை, கொச்சி போன்ற நகரங்களைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. கண்ணுக்கு எதிரே தெரியும் மலைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்று.

சுற்று நீளமானால்கூடப் பரவாயில்லை, நிலையாக இருந்தால் சரி. மலையில் அது நிலைப்பதில்லை. கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் போன் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் கேரள டவரை. தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது டவர்களை இணைக்கும் வானலை இணைப்புகளே பலவீனமாகும். அதைவிட முக்கியமானது, நான்காம் தலைமுறை வலைப்பின்னலில் டவருக்கும் போனுக்கும் நடுவே தனியாக ஒரு மறு அனுப்பல் ஏற்பாடு இருக்கிறது. காற்றில் சிதைந்த துண்டு ஒவ்வொன்றையும் சுமார் 8 மில்லி விநாடிக்கு ஒரு முயற்சியாக டவரே மறுபடி அனுப்பிச் சரிசெய்கிறது. டிசிபியின் கண்ணுக்கு இதெல்லாம் இழப்பாகத் தெரியாது, தாமதமாகத் தெரியும். 60 மில்லி விநாடியில் வந்துகொண்டிருந்த ஒப்புகை திடீரென்று 300இல் வரும், மறுபடி 60க்கு இறங்கும். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 793, டிசிபியின் அடிப்படை ஆவணம், ஒரு எளிய வழி சொன்னது. போய்வரும் நேரத்தின் நகரும் சராசரியை வைத்துக்கொள், அதை 1.3 முதல் 2 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கு, அதுதான் காலக்கெடு. இதன் குறையைப் புரிந்துகொள்ள கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை நினைத்தால் போதும். ஜீப் வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் திரும்பும் என்பது மட்டும் தெரிந்தால் எப்போது கவலைப்பட ஆரம்பிப்பது என்று சொல்ல முடியாது. தினமும் ஐந்து நிமிட வித்தியாசத்தில் வருகிற ஜீப் என்றால் இரண்டே கால் மணியில் போன் போடலாம். ஒருநாள் ஒன்றரை, ஒருநாள் மூன்று என்று வருகிற ஜீப் என்றால் நான்கு மணி வரை பொறுக்க வேண்டும். சராசரியோடு அலைவும் தெரிந்தால்தான் கெடு வைக்க முடியும்.

அலைவைப் பொருட்படுத்தாததன் விலை 1986 அக்டோபரில் தெரிந்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 கஜம்தான். அந்தப் பாதையில் விநாடிக்கு 32 கிலோபிட் என்றிருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. நெரிசலில் ஒப்புகை தாமதமாக வர, டைமர்கள் முந்திக்கொண்டு அடித்தன. தொலையாத பாக்கெட்டுகள் மறுபடி மறுபடி அனுப்பப்பட்டன. அந்த நகல்களே நெரிசலை இன்னும் கூட்டின. வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு வைத்த மருந்துகளில் ஒன்று காலக்கெடுக் கணக்கைத் திருத்தியது. சராசரியோடு சராசரி விலகலையும் வைத்துக்கொள். காலக்கெடு என்பது சராசரியும் அந்த விலகலின் நான்கு மடங்கும் (முதலில் இரண்டு மடங்காக இருந்தது, பிறகு நான்கானது) சேர்ந்தது. பழைய சூத்திரம் இரண்டால் பெருக்கினால்கூட 30 சதவீதச் சுமை வரைதான் தாங்கும் என்றும் அவர் காட்டினார். புள்ளியியலில் வழக்கமான திட்ட விலக்கத்தை அவர் எடுக்காததற்குக் காரணம், வர்க்கமூலம் போட அன்றைய கணினிக்கு நேரமாகும் என்பது. சராசரிக்கு எட்டில் ஒரு பங்கு, விலகலுக்கு நான்கில் ஒரு பங்கு என்று எடையைத் தேர்ந்ததும், பிட்டுகளை நகர்த்தியே வகுத்துவிடலாம் என்பதால்தான்.

1987இல் ஃபில் கார்ன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இருவரும் இன்னொரு ஓட்டையை அடைத்தார்கள். மறுபடி அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புகை வந்தால், அது முதல் பிரதிக்கு வந்ததா இரண்டாவதற்கு வந்ததா என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த அளவைக் கணக்கில் சேர்க்காதே என்றார்கள். கார்ன் அமெச்சூர் வானொலிக்காரர். வானலையில் பாக்கெட் அனுப்பி, பாதியைத் தொலைத்துப் பழகியவர். இந்தச் சிக்கல் அவர் கண்ணில் பட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி கடிகாரத்துக்கு வருவோம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான இயங்குதளமான பெர்க்லி யூனிக்ஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித் தனி டைமர் வைப்பது செலவு என்று கருதினார்கள். அதற்குப் பதில் 500 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு நிரல் எழுந்து, திறந்திருக்கும் எல்லா இணைப்புகளையும் ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொன்றின் எண்ணிலும் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் கெடு முடிந்தது. போய்வரும் நேரத்தை அளப்பதும் இதே அரை விநாடித் துடிப்பில்தான். 100 மில்லி விநாடியில் திரும்பிய பாக்கெட்டுக்கு அளவு பெரும்பாலும் பூஜ்யம். நடுவே ஒரு துடிப்பு விழுந்திருந்தால் ஒன்று. 60க்கும் 300க்கும் வித்தியாசம் தெரியாத கண்.

இவ்வளவு மொண்ணையான கருவி எப்படி வேலை செய்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். 100 மில்லி விநாடிப் பாதையை எடுத்துக்கொள்வோம். ஐந்து அளவுகளில் நான்கு பூஜ்யமாகவும் ஒன்று ஒரு துடிப்பாகவும் வரும். சராசரி 0.2 துடிப்பு, அதாவது 100 மில்லி விநாடி. துடிப்பைப் பின்னமாகச் சேமித்து வைத்ததால் சராசரி சரியாகவே வந்துவிடுகிறது. ஆனால் அளவுகள் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே குதிப்பதால், பாதை கல் போல் நிலையாக இருந்தாலும் விலகல் 0.32 துடிப்பு என்று கணக்காகும். அது 160 மில்லி விநாடி. நான்கு மடங்கு 640. காலக்கெடு 740 மில்லி விநாடி. பாதையில் இல்லாத அலைவைக் கடிகாரத்தின் மொண்ணைத்தனம் தானாகவே உண்டாக்கி, சூத்திரத்துக்குள் ஒரு பாதுகாப்பு இடைவெளியைச் செருகிவிட்டது. போதாததற்கு, கெடு இரண்டு துடிப்புக்குக் குறையக்கூடாது என்று நிரல் வைத்திருந்தது. முதல் துடிப்பு எந்த நொடியிலும் விழலாம் என்பதால் அதன் உண்மையான பொருள் அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை. யாரும் திட்டமிட்டு வைக்காத பொறுமை பாதியாவது இதில் இருந்தது.

லினக்ஸ் வந்தபோது கடிகாரம் வேறு. இன்டெல் கணினிகளில் அது விநாடிக்கு 100 முறை துடித்தது, 2.6 பதிப்பில் 1000 முறை. பிறகு இயல்பு அளவு 250க்கு இறங்கியது. அரை விநாடி போய் 10, 4, 1 மில்லி விநாடி என்று துடிப்பு சுருங்கியதும், அந்தத் தற்செயல் பொறுமை காணாமல் போயிற்று. ஓர் அலுவலகத்துக்குள், ஒரே சுவிட்சில் இணைந்த இரண்டு கணினிகளுக்கு இடையே போய்வரும் நேரம் கால் மில்லி விநாடி. விலகல் ஏறக்குறைய பூஜ்யம். சூத்திரத்தை அப்படியே நம்பினால் கெடு ஒரு மில்லி விநாடிக்குள் வந்து நிற்கும். அங்கேதான் எதிர்முனையின் இன்னொரு டைமர் குறுக்கே வருகிறது. பாக்கெட் கிடைத்த உடனே ஒப்புகை அனுப்பாமல், தரவோடு சேர்த்து அனுப்பலாம் என்று சற்றுத் தாமதிப்பது டிசிபியில் அனுமதிக்கப்பட்ட பழக்கம். 1989இன் ஆர்எஃப்சி 1122 அதற்கு அரை விநாடி வரை இடம் கொடுத்தது. பெர்க்லி யூனிக்ஸ் 200 மில்லி விநாடித் துடிப்பில் அதை நடத்தியது. லினக்ஸில் 40 முதல் 200 மில்லி விநாடி. ஆக, தொலையவே தொலையாத ஒற்றைப் பாக்கெட்டுக்கும் ஒப்புகை 200 மில்லி விநாடி கழித்து வரலாம். ஒரு மில்லி விநாடியில் அடிக்கும் டைமர் ஒவ்வொரு முறையும் பொய்யாக அடிக்கும்.

எனவே கடிகாரம் தானாகத் தந்துகொண்டிருந்ததைக் கையால் எழுதி வைக்க வேண்டி வந்தது. லினக்ஸ் 200 மில்லி விநாடி என்று ஒரு கீழ்வரம்பு வைத்தது. கெடு மொத்தத்துக்கான வரம்பாக இல்லாமல், விலகல் பகுதிக்கான வரம்பாக வைத்தது. அதனால் உண்மையில் கெடு என்பது போய்வரும் நேரத்தோடு குறைந்தது 200 மில்லி விநாடி. பெர்க்லி யூனிக்ஸின் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி நீண்ட காலமாகக் கீழ்வரம்பு 30 மில்லி விநாடி என்று சொல்லிக்கொண்டு, எதிர்முனைத் தாமதத்துக்கென்று தனியாக 200 மில்லி விநாடியைக் கூட்டியது. வேறு வாசல், அதே வீடு. 2000 நவம்பரின் ஆர்எஃப்சி 2988 இன்னும் கண்டிப்பு: கணக்கில் என்ன வந்தாலும் ஒரு விநாடிக்குக் குறைக்காதே. அதற்கு அது சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். மொண்ணைக் கடிகாரங்கள் முன்பு தாமாகவே பெரிய கீழ்வரம்பைச் சுமத்தின; பொய் மறு அனுப்பலைத் தவிர்க்க அப்படிப்பட்ட வரம்பு தேவை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன என்கிறது ஆவணம். 2011இல் அதன் இடத்துக்கு வந்த ஆர்எஃப்சி 6298 தொடக்கக் கெடுவை 3 விநாடியிலிருந்து 1 விநாடிக்கு இறக்கியது. இந்தக் கீழ்வரம்பைத் தொடவில்லை.

சூத்திரத்தில் கடிகாரத்தின் நுண்மைக்கென்று ஓர் எழுத்து இருக்கிறது: விலகலின் நான்கு மடங்கு அல்லது கடிகாரத் துடிப்பு, இரண்டில் எது பெரிதோ அதைச் சேர் என்கிறது விதி. கீழ்வரம்பு ஒரு விநாடி என்றால் அந்த எழுத்துக்கு வேலையே இல்லை. மார்க் ஆல்மன், வெர்ன் பாக்சன் இருவரும் 1999இல் உண்மையான இணையப் பாதைகளின் பதிவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். எடைகளை மாற்றிப் பார்த்தார்கள், கடிகாரத்தை நுணுக்கிப் பார்த்தார்கள். பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது கீழ்வரம்பு ஒன்றுதான். டைமரின் நுண்மை பற்றி வாதிடுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய முடிவு இது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். லினக்ஸ் கணினியில் இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை, டிசிபியின் உள்விவரங்களைக் காட்டச் சொல்லி இயக்கினால் ஒவ்வோர் இணைப்பின் காலக்கெடுவும் தெரியும். அலுவலகத்துக்குள்ளான இணைப்புகளில் சில கணினிகள் 204 என்று காட்டும், சில 201 என்று. 200 மில்லி விநாடியோடு துளியளவு போய்வரும் நேரமும் சேர்ந்து, அடுத்த துடிப்புக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்பட்ட எண் அது. 204 என்றால் அந்தக் கணினியின் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, விநாடிக்கு 250 முறை துடிக்கிறது. 201 என்றால் 1000 முறை.

அப்படியானால் 1000 முறை துடிக்கும் கர்னலில் டைமர் கூடுதல் நுட்பமாக அடிக்குமா? இங்கே ஒரு வேடிக்கை. மறு அனுப்பல் டைமர்கள் இருப்பது டைமர் சக்கரம் என்ற அமைப்பில். ஜார்ஜ் வர்கீஸ், டோனி லாக் இருவரும் 1987இல் முறைப்படுத்திய யோசனை இது. ஆயிரக்கணக்கான டைமர்களை நேர வரிசையில் அடுக்கி வைக்காமல், கெடு நேரத்துக்கு ஏற்ற குழியில் போட்டுவிடுவது. சக்கரம் சுற்றும்போது எந்தக் குழி வருகிறதோ அதில் இருப்பவை அடிக்கும். 2016இல் தாமஸ் கிளெய்க்ஸ்னர் லினக்ஸின் 4.8 பதிப்புக்காக இதைத் திருத்தி எழுதினார். ஒவ்வொரு நிலையிலும் 64 குழிகள். அடுத்த நிலைக்குப் போனால் குழியின் அகலம் எட்டு மடங்கு. தூரத்தில் இருக்கும் கெடுவுக்கு அகலமான குழி, அதாவது கூடுதல் தாமதம், 12.5 சதவீதம் வரை. 1000 துடிப்புக் கர்னலில் முதல் நிலை 64 மில்லி விநாடியோடு முடிந்துவிடுகிறது. 200 மில்லி விநாடி டைமர் 8 மில்லி விநாடி அகலக் குழியில் விழும். 250 துடிப்புக் கர்னலில் முதல் நிலையே 250 மில்லி விநாடி வரை நீள்வதால் அதே டைமர் 4 மில்லி விநாடிக் குழியில் விழும். துடிப்பு நுட்பமான கர்னலில் டைமர் இரு மடங்கு மொண்ணை.

இதைக் குறையென்று சொல்ல நான் தயாரில்லை. மறு அனுப்பல் டைமர்களில் ஆகப் பெரும்பாலானவை அடிப்பதே இல்லை; ஒப்புகை வந்து, கெடு தள்ளிவைக்கப்படுகிறது அல்லது ரத்தாகிறது. பரபரப்பான சர்வரில் விநாடிக்கு லட்சக்கணக்கில் இது நடக்கும். புதிய கெடுவும் பழைய குழியிலேயே விழுந்தால் டைமரை நகர்த்தக்கூட வேண்டாம். அடிக்காத மணியைத் துல்லியமாக்கச் செலவழிப்பது வீண். அடிக்க நேர்ந்தாலும் 200 என்பதே ஒரு மதிப்பீடு. அது 208 ஆனால் யாருக்கு என்ன நஷ்டம்?

துல்லியம் தேவைப்படும் இடம் எது என்பதில் லினக்ஸ் தெளிவாகவே நடந்துகொண்டிருக்கிறது. உயர் நுண்மை டைமர்களுக்கான அடித்தளம் 2006இல், 2.6.16 பதிப்பில் வந்தது. டிசிபி அந்த டைமர்களைப் பாக்கெட்டுகளைச் சீரான இடைவெளியில் விடுவதற்குப் பயன்படுத்துகிறது; மறு அனுப்பலுக்குப் பயன்படுத்தவில்லை. போய்வரும் நேரத்தை அளப்பதையோ 2014இல் துடிப்புக் கணக்கிலிருந்து மைக்ரோ விநாடிக்கு மாற்றினார்கள். அளப்பது நுட்பம், அடிப்பது சோம்பல். இந்தப் பிரிவினை சரி என்பதே என் கட்சி.

இதற்கு மறுப்பு வந்த இடம் டேட்டா சென்டர். அங்கே போய்வரும் நேரம் 100 மைக்ரோ விநாடி என்று வைத்தால் 200 மில்லி விநாடி அதைப்போல் 2000 மடங்கு. ஒரு கோப்பின் துண்டுகளைப் பல சேமிப்புச் சர்வர்களிடமிருந்து ஒரே நேரத்தில் கேட்டால், எல்லாம் ஒரே நொடியில் பதில் அனுப்பும். சுவிட்சின் சிறிய நினைவகம் வழியும். ஏதோ ஒரு சர்வரின் கடைசிப் பாக்கெட் தொலையும். அந்த ஒன்றின் டைமர் அடிக்கும்வரை மற்ற எல்லோரும் சும்மா இருப்பார்கள். விநாடிக்கு ஒரு கிகாபிட் போகும் இணைப்பில் 200 மில்லி விநாடி சும்மா இருப்பது 25 மெகாபைட் இழப்பு. கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல், உயர் நுண்மை டைமரை வைத்துக் கீழ்வரம்பையே எடுத்துவிட்டால் இந்தச் சரிவு நீங்கும் என்று செய்து காட்டினார்கள். அங்கே நுண்மை உண்மையிலேயே பயன்பட்டது, ஆனால் கீழ்வரம்பு இறங்கிய பிறகுதான். 200ஐ வைத்துக்கொண்டு டைமரை மைக்ரோ விநாடிக்கு மாற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

அப்படி இறக்கிய கீழ்வரம்பை மலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? டவர் 8 மில்லி விநாடி முயற்சிகளாகத் தன் பாட்டுக்குச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, கணினியின் டைமர் பொறுக்காமல் அடிக்கும். தொலையாத பாக்கெட்டின் நகல், ஏற்கனவே திணறும் அதே டவரில் வரிசைக்கு வரும். அடித்த டைமர் நெரிசல் என்று முடிவுகட்டி, அனுப்பும் அளவை ஒரு பாக்கெட்டுக்குச் சுருக்கிவிடும். இப்படிப் பொய்யாக அடித்ததைப் பின்னால் கண்டுபிடித்து அளவைத் திருப்பிக்கொடுக்கும் வழிகள் உண்டு. லினக்ஸில் அவை இருக்கின்றன. ஆனாலும் 1986இன் நோய் இதுவேதான், அளவில் சிறியது. ஆகவே ஒரே கர்னல், ஒரே எண், இரண்டு உலகங்கள். லினக்ஸ் இதை ஒவ்வொரு வழித்தடத்துக்கும் வேறு கீழ்வரம்பு வைக்க விட்டுச் சமாளிக்கிறது. விண்டோஸ் சர்வர் இணையத்துக்கு ஒன்று, டேட்டா சென்டருக்கு ஒன்று என்று தனித் தனி அமைப்புத் தொகுப்புகளை வைத்திருக்கிறது. சர்வர்களுக்கு இடையேயான உள் வழித்தடத்தில் 5 மில்லி விநாடி வைக்கலாம். வண்டன்மேட்டுத் தோட்ட அலுவலகத்தின் மோடத்துக்குப் போகும் வழித்தடத்தில் அதே 5ஐ வைக்கிறவர் பருவமழையில் அந்தப் பக்கம் போகாதவராக இருக்க வேண்டும்.

நம் ஒற்றை விலை இன்னும் வழியில்தான் கிடக்கிறது. போய்வரும் நேரம் 60, விலகல் 5 மில்லி விநாடி என்று கொண்டால், லினக்ஸின் கெடு 260. மறுபடி அனுப்பியதும் தொலைந்தால் கெடு இரட்டிக்கும்: 520, பிறகு 1040. மூன்று முறை தொலைந்தால் கிட்டத்தட்ட 1.8 விநாடி. கடைசிப் பாக்கெட் தொலைவதற்கென்றே ஒரு மருந்து வந்திருக்கிறது: போய்வரும் நேரத்தின் இரு மடங்கு கடந்ததும், கெடு முடியும் முன்பே ஒரு சோதனைப் பாக்கெட்டை அனுப்புவது. 2021 பிப்ரவரியின் ஆர்எஃப்சி 8985 இதை முறைப்படுத்தியது. பலவற்றில் கடைசி தொலைந்தால் இது நன்றாக வேலை செய்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் வழியில் இருந்தாலோ, எதிர்முனை ஒப்புகையைத் தாமதிக்கிறதோ என்ற அதே பழைய சந்தேகத்தில் லினக்ஸ் இங்கேயும் 200ஐக் கூட்டிவிடுகிறது. 120உம் 200உம் 320. அதற்குள் 260இல் பழைய டைமரே முந்திவிடும். விலை கேட்டவருக்குப் புதிய மருந்தால் பலன் இல்லை.

பார்த்தால் எல்லாச் சங்கடமும் ஒரே இடத்தில் முடிச்சிட்டிருக்கிறது: எதிர்முனை ஒப்புகையை எவ்வளவு தாமதிக்கும் என்பது அனுப்புகிறவருக்குத் தெரியாது. தெரியாததால் உலகத்திலேயே சோம்பேறியான எதிர்முனையை மனதில் வைத்து 200 என்று எழுதினார்கள். டிசிபியில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இடமில்லை. டிசிபிக்கு மாற்றாக 2021 மே மாதம் வெளியான குயிக் நெறிமுறையில் இடம் வைத்தார்கள். இணைப்பு தொடங்கும்போதே ஒவ்வொரு முனையும் தான் ஒப்புகையை அதிகபட்சம் எவ்வளவு தாமதிக்கும் என்று அறிவிக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் 25 மில்லி விநாடி. போய்வரும் நேரம், விலகலின் நான்கு மடங்கு, அந்த அறிவிப்பு, மூன்றையும் கூட்டினால் கெடு. கடிகாரத்தின் நுண்மை 1 மில்லி விநாடி இருந்தால் போதும் என்கிறது ஆவணம். நம் மலைப்பாதைக்கு 60, 20, 25 சேர்ந்து 105 மில்லி விநாடி. 260 இருந்த இடத்தில் 105, அதுவும் டைமரைத் துளியும் நுணுக்காமல். பாதை அலைந்தால் விலகல் பெருகிக் கெடுவும் தானாக நீளும்.

அந்த அறிவிப்பில் எந்த எண்ணைச் சொல்வது என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. 5 மில்லி விநாடிக்கு டைமர் வைத்து, உன் இயங்குதளம் வழக்கமாக 1 மில்லி விநாடி பிந்தி அடிக்குமானால் 5 என்று சொல்லாதே, 6 என்று சொல் என்கிறது குயிக்கின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 9000. பெர்க்லி யூனிக்ஸில் துடிப்புக்குள் ஒளிந்திருந்த மொண்ணைத்தனம், இப்போது கைகுலுக்கும்போதே எதிராளியிடம் எண்ணாகச் சொல்லப்படுகிறது.